ரெட்ரோ ஜாக்கெட், பெரிய சைஸ், கைக்குழந்தை: ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் என்ன பார்க்கணும்?

ஷாப்பிங் ஆப்பில் ‘ஜாக்கெட்’ என்று தேடிப் பாருங்கள். ஊட்டிக் குளிருக்குப் போடுகிற கோட்டுகள் வரிசையாக வந்து நிற்கும். நம்மூரில் ஜாக்கெட் என்றால் சேலைக்குப் போடுவது. ஆப்புக்கு அது தெரியாது. ‘ப்ளவுஸ்’ என்று மாற்றினால் கொட்டும். கூடவே ‘ரெட்ரோ’, ‘விண்டேஜ்’ என்று சேர்த்தால் கழுத்தை ஒட்டிய போட் நெக், முழங்கை வரை நீளும் கை, பஃப் கை, பொடிக் கட்டம், பெரிய புள்ளி என்று பாட்டி காலத்து ஆல்பம் மாதிரி விரியும். அழகுதான். அப்புறம் ‘42’ என்று சைஸைத் தட்டினால் பட்டியல் சுருங்கிவிடும். ‘பாலூட்டும் தாய்மார்களுக்கு’ என்று இன்னொரு சொல் சேர்த்தால் ரெட்ரோ மொத்தமும் காணாமல் போய், ஜிப் வைத்த நைட்டிதான் மிஞ்சும்.

குழந்தை பெற்ற, கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிற பெண்ணுக்குப் பழைய ஸ்டைலில் அழகாக உடுத்த ஆசை இருக்காது என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. தேசிய குடும்பநல ஆய்வின் 5-வது சுற்றில் (2019-21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் 40.4 சதவீதம் பேர் உயரத்துக்கு ஏற்ற எடையைத் தாண்டியவர்கள். ஐந்தில் இரண்டு பேர். ‘பிளஸ் சைஸ்’ என்று தனி மூலையில் ஒதுக்குகிற அளவுக்குச் சின்னக் கூட்டம் இல்லை இது.

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் பக்கம், செய்யாற்றங்கரையில் இருக்கிற காவாந்தண்டலம் போன்ற ஊரிலிருந்து மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் காந்தி ரோடு வரை பஸ்ஸில் போய், கடை கடையாக ஏறி இறங்கிப் போட்டுப் பார்த்து வாங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. 2015 ஆகஸ்டில் தமிழகப் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. ஜவுளிக்கடை மாடியில் குழந்தை அழுதால் அதற்கு அறை எங்கே? அதனால்தான் குழந்தை மடியில் தூங்குகிற நேரத்தில் ஒரு கையால் போனைத் தள்ளித் தள்ளி ஆர்டர் போடுவது. வீட்டில் காதுகுத்தோ, நாத்தனார் கல்யாணமோ வருகிறது. பட்டுச் சேலைக்குப் பொருத்தமாக ஒரு ரெட்ரோ ஜாக்கெட் வேண்டும். ஆர்டர் போடும் முன் முதலில் பார்க்க வேண்டியது விலையோ கலரோ இல்லை. அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதுதான்.

முன் ஹுக்கா, பின் ஹுக்கா?

நம் பாட்டிமார் போட்ட ரவிக்கை முன்பக்கம்தான் திறக்கும். ஹுக் வைத்ததாக இருக்கும். அதற்கும் முந்தியது என்றால் இரண்டு முனையையும் மார்புக்குக் கீழே இழுத்து முடிச்சுப் போட்டதாக இருக்கும். வயல் வரப்பில் உட்கார்ந்தும், பஸ்ஸில் ஜன்னலோரம் திரும்பியும், முந்தானையை இழுத்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள் என்றால் அந்த முடிச்சும் ஹுக்கும் முன்னால் இருந்ததுதான் காரணம். பாலூட்டும் ஆடை என்று தனியாக ஒன்று அப்போது தேவைப்படவில்லை. தினப்படி ரவிக்கையே அதுதான்.

இன்றைக்கு ‘ரெட்ரோ’ என்ற பெயரில் வருவது அந்த வீட்டு ரவிக்கையின் நகல் இல்லை. ‘அன்பே வா’ (1966) காலத்துச் சினிமா ஸ்டில்களிலும், 80-களின் பஃப் கையிலும் கண்ணை வைத்துத் தைக்கப்படுவது. கழுத்து மேலே ஏறி, முன்பக்கம் முழுக்க ஒரே துணியாக, நடுவில் கோடு தெரியாமல் இருந்தால்தான் போட்டோவில் எடுப்பாக இருக்கும். நடுவில் ஹுக் பட்டி வந்தால் போட் நெக்கின் கோடு உடைகிறது, எம்ப்ராய்டரி பிரிகிறது. அதனால் திறப்பைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். பின் ஹுக், பின் ஜிப், மேலே ஒரு நாடா. பழைய ரவிக்கையின் கழுத்தையும் கையையும் எடுத்துக்கொண்டு, அது எதற்காக அப்படி இருந்ததோ அதை மட்டும் விட்டுவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

விசேஷ வீட்டில் இது என்ன செய்யும்? பின் ஹுக்கைக் கழற்ற இன்னொரு ஆள் வேண்டும். கழற்றினால் மொத்த ஜாக்கெட்டும் தோளிலிருந்து இறங்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் மணமகள் அறை எப்போதும் பூட்டியிருக்கும், இல்லாவிட்டால் நிரம்பி வழியும். இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போட்டால் பால் கட்டிக்கொள்ளும், குழந்தை வீறிட்டு அழும், கடைசியில் யாராவது ஒரு பெரியம்மா, “ஒரு பாட்டில் பாலைக் கலக்கிக் குடுத்துடேன்மா” என்பார். ஒரு ஹுக் இடம் மாறியதற்குக் குழந்தையின் பால் நின்றுபோக வேண்டுமா?

எனவே தேடும்போதே ‘ஃப்ரண்ட் ஓப்பன்’, ‘ஃப்ரண்ட் ஹுக்’ என்று சேர்த்துத் தேடுங்கள். தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். முதல் போட்டோவில் மாடல் திரும்பி நின்று முதுகைக் காட்டினால், திறப்பு அங்கேதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதுகுப் படமே இல்லாவிட்டால் வாங்கியவர்கள் ரிவ்யூவில் போட்ட படங்களைப் பாருங்கள்; கேள்வி கேட்கிற இடம் இருந்தால் “முன்பக்கம் திறக்குமா?” என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். பதில் எழுத்தில் வருவது பின்னால் உதவும்.

குர்தி, கவுன் பக்கம் போனால் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. முன்னால் வரிசையாக அழகழகான பட்டன். தொட்டுப் பார்த்தால் ஒன்றும் திறக்காது, துணி மேல் வைத்துத் தைத்த அலங்காரம். ‘அங்ரக்கா’ என்கிற வடநாட்டுப் பழைய வெட்டு, ஒரு பக்கத் துணி மேல் இன்னொரு பக்கம் படிந்து ஓரத்தில் நாடா கட்டுவது, உண்மையாகவே பிரிகிற மாதிரி தைத்திருந்தால் பாலூட்டுகிறவர்களுக்கு அதைவிட வசதி கிடையாது. வயிறும் இடுப்பும் பெரிதாக இருப்பவர்களுக்கும் நாடாவைத் தளர்த்திக் கட்டலாம். அமெரிக்காவில் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் 1974-ல் பிரபலமாக்கிய ‘ராப்’ கவுனும் இதே வித்தைதான். இன்றைய விண்டேஜ் பட்டியலில் அதுவும் ஓடுகிறது. ஆனால் ஆன்லைனில் வருகிற பல அங்ரக்காக்களில் நாடா வெறும் தோரணம். உள்ளே மூடித் தைத்திருப்பார்கள்.

42 என்றால் எந்த 42?

ஒரு கம்பெனியின் 42 இன்னொரு கம்பெனியின் 40. சில இடத்தில் அந்த எண் உங்கள் மார்புச் சுற்றளவு, சில இடத்தில் தைத்த துணியின் சுற்றளவு. இரண்டுக்கும் நடுவே இரண்டு இன்ச் வித்தியாசம் வரலாம். இந்திய உடம்புக்கென்று ஓர் அளவு அட்டவணை இல்லாமல், பிரிட்டிஷ், அமெரிக்க அட்டவணைகளைத்தான் பல காலம் ஒட்டவைத்து ஓட்டினார்கள். அதைச் சரிசெய்ய மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் வரும் நிஃப்ட் நிறுவனம் 6 நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளக்கும் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தை 2018-ல் அறிவித்தது. 6 நகரங்கள் என்பதைக் கவனியுங்கள். செய்யாற்றங்கரை வரைக்கும் அந்த ஸ்கேனர் வராது; இஞ்ச் டேப்பை நாம்தான் எடுக்க வேண்டும்.

எப்போது அளப்பது என்பது பாலூட்டும் தாய்க்கு முக்கியம். குழந்தை குடித்து முடித்தவுடன் அளந்தால் ஒரு கணக்கு, அடுத்த பாலுக்கு முன்னால் அளந்தால் வேறு கணக்கு. காலையில் சரியாக இருந்த ஜாக்கெட் மதியத்தில் பிடிக்கும். எனவே மார்பு நிறைந்திருக்கும்போது, வீட்டில் போடுகிற உள்ளாடையோடு அளங்கள். பிரசவமான முதல் சில வாரங்களில் அளவு நிலையாக இருக்காது. விசேஷம் தள்ளி இருந்தால் அவசரப்பட்டு ஆர்டர் போடாதீர்கள்.

மார்பு அளவு மட்டும் போதாது. பெரிய சைஸ் ஜாக்கெட் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கையில்தான். முழங்கை வரை வரும் ரெட்ரோ கைக்கு மேல்கையின் தடித்த இடத்துச் சுற்றளவும், கை முடிகிற இடத்துச் சுற்றளவும் வேண்டும். பஃப் கை மேலே தாராளமாகத் தெரியும், கீழே பட்டி இறுக்கும். குழந்தையைத் தூக்கித் தோளில் போடும்போதுதான் அது தெரியவரும். அக்குள் சுற்றளவைப் பல விற்பனையாளர்கள் தருவதே இல்லை. அதைத் தருகிறவரிடம் வாங்குங்கள் என்பது என் கட்சி. தோள் அளவையும் பாருங்கள். சின்னச் சைஸ் வடிவத்தையே நாலா பக்கமும் ஊதிப் பெரிதாக்கித் தைப்பதால், பெரிய சைஸில் கழுத்தும் சேர்ந்து அகன்று, போட் நெக் தோளிலிருந்து வழிந்துகொண்டே இருக்கும். உடம்பு அகலமான அளவுக்குத் தோள் எலும்பு அகலமாவதில்லை. தைக்கிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

‘38 சைஸ், 42 வரை பிரிக்கலாம்’ என்று எழுதியிருந்தால் பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருக்கிறார்கள் என்று பொருள். நல்ல விஷயம்தான், ஒன்றை நினைவில் வைத்தால்: அந்த உள் துணி பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். கைத் தையலில் விட்டிருக்கிறார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். ‘எப்படியும் ஆறு மாசத்தில் இளைச்சிடுவேன்’ என்று ஒரு சைஸ் குறைத்து வாங்குகிற பழக்கம் வேறு இருக்கிறது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு 2 வயது வரை, அதற்கு மேலும் மற்ற உணவோடு தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டு வருடத்துக்கு உடம்பு இப்படியும் அப்படியும் போய்வரும். இன்றைக்கு இருக்கிற உடம்புக்கு வாங்குங்கள். பிற்பாடு பிடித்துத் தைப்பது சுலபம், இல்லாத துணியை எங்கிருந்து விடுவது?

டெய்லர் அக்காவிடம் பாதி வேலை

பிடித்த டிசைன் பின் ஹுக்கில் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் விட்டுவிடத் தேவையில்லை. டெய்லர் கடையில் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

“அக்கா, பின்னாடி ஹுக்கு வந்துடுச்சு. முன்னாடி மாத்தித் தர முடியுமா?”

“நடுவுல எம்ப்ராய்டரி ஓடுது பாரும்மா, வெட்டுனா போச்சு. பிரின்சஸ் கட்டுதானே, ரெண்டு பக்கமும் தையல் மார்பு மேலதான் வருது. அந்தத் தையலைப் பிரிச்சு ஆளுக்கொரு ஜிப் வெச்சித் தரேன். வெளியில தெரியாது.”

“குழந்தை கன்னத்துல உரசாதா?”

“உள்ளாற ஒரு பட்டி குடுத்துடறேன். இரும்பு ஜிப் வாணாம், பிளாஸ்டிக்கே போதும்.”

இந்த ‘பிரின்சஸ் கட்’ என்ற சொல்லை ஆன்லைன் விவரத்தில் தேடிப் பாருங்கள். தோளிலிருந்தோ அக்குளிலிருந்தோ மார்பு வழியாக இடுப்பு வரை நீளமாக ஒரு தையல் வரும் வெட்டு அது. பின் ஹுக் ஜாக்கெட்டைப் பாலூட்டும் ஜாக்கெட்டாக மாற்ற அதுதான் வழி. ஏழெட்டு இன்ச் மறைவு ஜிப் போதும். டாட் பிடித்த சாதாரண வெட்டில் இந்த இடம் கிடைக்காது. லைனிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஜிப் வைத்த இடம் சுருங்கி இழுக்கும், பால் கசிந்தாலும் உடனே வெளியே தெரியும். டெய்லரிடம் ‘அளவு ஜாக்கெட்’ கொடுக்கும்போது கல்யாணத்துக்குத் தைத்ததைக் கொடுத்துவிடாதீர்கள். அது வேறொரு உடம்புக்குத் தைத்தது.

சேலையோடு வரும் ப்ளவுஸ் துணி பற்றியும் சொல்ல வேண்டும். பொதுவாக 5.5 மீட்டர் சேலை, அதோடு 80 சென்டிமீட்டர் ப்ளவுஸ் துணி, மொத்தம் 6.3 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். 42-க்கு மேல் சைஸ், அதுவும் முழங்கைக் கை என்றால் அந்த 80 சென்டிமீட்டர் பற்றாது. கை இல்லாமல் தைக்க வேண்டும், அல்லது கைக்கு வேறு துணி போட வேண்டும். பாட்டி காலத்து ரவிக்கையில் உடம்பு ஒரு கலர், கை ஒரு கலர் வந்தது நினைவிருக்கிறதா? அந்த ஒட்டு இன்றைக்கு ரெட்ரோ என்று விலை போகிறது, தாராளமாகச் செய்யலாம். இன்னொரு யோசனை: அந்தத் துணியை வெட்டாமலே விட்டு, ப்ளவுஸுக்குத் தனியாகத் துணி எடுங்கள். பெரிய உடம்புக்கு 5.5 மீட்டரில் கொசுவம் குறைந்து முந்தானை குட்டையாகும். 6.3 மீட்டராகக் கட்டினால் முந்தானை நீளும், பால் கொடுக்கும்போது குழந்தையின் கால் வரை மூடும்.

சேலைக்கு சைஸ் பிரச்சினை கிடையாது என்பதால் பழைய பாணியை அதில் கொண்டுவந்துவிடுவது புத்திசாலித்தனம். மதுரை சுங்குடி, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கி, காஞ்சிபுரம் காட்டன் எல்லாம் உண்மையான பழசு. யாரும் பழசு மாதிரி செய்ததில்லை. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் ஆன்லைனிலும் விற்கிறது. சேலை பழசாக இருக்கட்டும், ஜாக்கெட் முன்னால் திறக்கட்டும் என்று பிரித்துக்கொண்டால் பாதித் தலைவலி தீர்ந்துவிடும்.

துணி விஷயத்தில் ஒரே வார்த்தை: மார்புப் பக்கம் கண்ணாடி, முத்து, ஜர்தோசி வேண்டாம். குழந்தையின் முகம் அங்கேதான் உரசும், ஒரு முத்து கழன்றால் வாய்க்குள் போகும். ‘டிரை கிளீன் மட்டும்’ என்று எழுதியது பாலூட்டும் வீட்டுக்கு ஆகாது. வந்த துணியை ஒருமுறை அலசிப் போட்டுக்கொண்டால் அதிகப்படி சாயம் குழந்தையின் தோலில் படாது.

இறுக்கம் வெறும் அசௌகரியம் இல்லை. இறுக்கமான ஜாக்கெட்டும் கம்பி வைத்த உள்ளாடையும் மார்பை அழுத்தினால் பால் வரும் குழாய் அடைபட்டு, ஒரு இடத்தில் கல் மாதிரி கட்டிக்கொள்ளலாம். அந்த இடம் சிவந்து, வலித்து, குளிர் காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உடனே காட்டுங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை, கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் நல்லது.

சேரவில்லை என்றால் திருப்பி அனுப்ப முடியுமா?

இதில் ஒரு நுணுக்கமான கோடு இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020-ன்படி, குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும், சொன்ன நாளுக்குத் தாமதமாக வந்த பொருளையும் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. ‘முன் ஹுக்’ என்று போட்டுவிட்டுப் பின் ஹுக் அனுப்பினால், அட்டவணையில் 42 இன்ச் என்று சொல்லி 40 இன்ச் வந்தால், அது உங்கள் பக்கம். ஆனால் அட்டவணையில் சொன்ன அளவே வந்து, உங்களுக்குத்தான் சேரவில்லை என்றால் அது அந்தக் கடையின் ரிட்டர்ன் கொள்கையைப் பொறுத்தது. ‘நோ ரிட்டர்ன்’ என்றால் அவ்வளவுதான். உள்ளாடைகளைப் பல இடங்களில் திருப்பி வாங்குவதில்லை.

ஆகவே ஆர்டர் போடும் அன்றே சைஸ் அட்டவணையையும் விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்; பின்னால் மாற்றிவிட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், பல இன்ஸ்டாகிராம் கடைகள் அது இல்லாமல் பேசவே மாட்டார்கள். துணியை இஞ்ச் டேப் வைத்து அளக்கும் காட்சியும் அதில் இருக்கட்டும். லேபிளைக் கிழிக்காமல், பால் படாமல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போட்டுப் பாருங்கள். கறை பட்டால் ரிட்டர்ன் எடுக்க வருபவர் கையில் வாங்க மாட்டார்.

புகார் என்றால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கு மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் முடியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் அங்கே போகத் தேவையில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. முகவரி, போன் நம்பர் எதுவும் போடாமல் யுபிஐ நம்பர் மட்டும் கொடுக்கிற பக்கத்தில் பணம் போட்டு ஏமாந்தால் அது வேறு கதை. உடனே 1930-க்குக் கூப்பிட்டு சைபர் குற்றமாகப் பதிவு செய்ய வேண்டும்.

கடைசியாக நாள் கணக்கு. பார்சல் வர ஒரு வாரம், திருப்பி மாற்ற இன்னும் ஒரு வாரம், ஜிப் வைக்க டெய்லருக்கு நாலு நாள். ஆவணி முகூர்த்தம் தொடங்கிவிட்டால் டெய்லரிடம் தேதி கிடைக்காது, ஐப்பசியில் தீபாவளி துணி மலையாகக் குவிந்திருக்கும். ஆடியில் தள்ளுபடியும் உண்டு, டெய்லர் கை ஓய்வாகவும் இருக்கும். ஆவணியில் விசேஷம் வைத்திருப்பவர்கள் ஆடி பிறந்ததும் அளந்து ஆர்டர் போட்டுவிடலாம்.